ஒரு தோட்டம், நாலு நாய்: பல வருஷ அனுபவம்

சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் நடுவில் எங்கள் தோட்டம். இப்போது நாலு நாய்கள் இருக்கின்றன. திட்டம் போட்டுச் சேர்த்ததில்லை. மணி தோட்டத்திலேயே பிறந்த நாட்டு நாய். செவலை, பால் சொசைட்டி வாசலிலிருந்து அம்மாவின் பின்னாலேயே நடந்து வந்து தங்கிவிட்டவள். ராணி சிப்பிப்பாறை என்ற வேட்டை நாய் இனம், மச்சான் கொண்டுவந்து விட்டது. புரூனோ லாப்ரடார். கோவையில் அபார்ட்மெண்டில் இருக்கும் தம்பி, குழந்தை பிறந்ததும் "கொஞ்ச நாளைக்கு அங்க இருக்கட்டும்ண்ணா" என்று விட்டுப் போனான். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

வீட்டில் ஒரு நாய் இருக்கிறது, இன்னொன்று சேர்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு நாய்க்கு ஆகும் வேலையை நாலால் பெருக்கினால் கணக்கு வராது. அரிசியும் தடுப்பூசியும் வேண்டுமானால் அப்படிப் பெருகும். அதுகளுக்குள் இருக்கிற பாசம், பகை, பொறாமை, யார் பெரியவர் என்கிற வழக்கு, இதெல்லாம் ஒற்றை நாய் வீட்டில் கிடையாது. வேலையும் அதில்தான், வேடிக்கையும் அதில்தான்.

சாயங்காலம் அம்மா அலுமினியப் போசியில் சோறு பிசைகிற சத்தம் கேட்டால் போதும், நாலும் வாசலுக்கு வந்துவிடும். முதல் தட்டு மணிக்கு. அதை மாற்றிப் பார்த்தால் உறுமல்தான். மணி களத்தோரம், செவலை கட்டுத்தரை பக்கம், புரூனோ சங்கிலியில், ராணி மட்டும் பம்ப்செட் ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு. யாராவது பார்த்தால் ராணி சாப்பிடமாட்டாள். புரூனோ தன் தட்டை முடித்துவிட்டு மற்ற தட்டுகளைப் பார்த்து எச்சில் ஒழுக நிற்பான். "இருடா சாமி, அண்ணன் திங்கட்டும்" என்று அம்மா சொல்வார். நாலு தட்டையும் காலி செய்து எடுத்த பிறகுதான் சங்கிலியை அவிழ்ப்போம். இந்த ஒரு ஏற்பாட்டிலேயே முக்கால்வாசிச் சண்டை நின்றுபோனது.

சாப்பாடு பெரும்பாலும் குருணைச் சோறு, வேகவைத்த கோழி, பூசணிக்காய், இடையிடையே முட்டை. வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும் என்பதால் எலும்பைப் பொறுக்கி எடுத்துவிடுவோம். மீந்த குழம்பை ஊற்றக் கூடாது என்று வீட்டாருக்குப் புரியவைப்பதுதான் கஷ்டம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நம் பக்கம் சின்ன வெங்காயம் இல்லாத குழம்பு ஏது? திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், சாக்லேட்டும் ஆகாது. விருந்துக்கு வரும் குழந்தைகள் பாசமாக நீட்டுவது இதைத்தான்.

புரூனோவுக்கு மட்டும் அளந்து போடும் உலர் தீனி. லாப்ரடாரின் பசி வெறும் செல்லத்தால் வந்ததில்லை. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் ஒரு மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு அது இருக்கிறதாம், அதனால் தீனியில் நாட்டமும் எடையும் கூடுகிறதாம். பக்கத்துத் தோட்டத்தில் கொப்பரை காயப்போட்டால் புரூனோவைக் கட்டியே வைக்க வேண்டும். ஒரு தடவை போய் வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்தான். அடுத்த ரெண்டு நாளும் வாசல் கழுவியே எங்களுக்கு இடுப்பு ஒடிந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி உண்ணி. நாய் மேல் ஏறும் பழுப்பு உண்ணி ஒவ்வொரு பருவத்திலும் ரத்தம் குடித்துவிட்டுக் கீழே இறங்கிவிடும். சுவர் விரிசல், கல் இடுக்கு, கட்டில் சட்டம் எங்கேயாவது ஒளிந்து தோல் உரித்து, மறுபடியும் ஏறும். பெண் உண்ணி ஒன்று ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகையால் ஒரு நாய்க்கு மட்டும் மருந்து கொடுப்பது வீண். நாலுக்கும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும், அதே வாரத்தில் சுவரையும் பார்க்க வேண்டும். நாங்கள் விரிசல்களைச் சிமெண்டால் பூசிச் சுண்ணாம்பு அடித்தோம்.

மருந்தில் பலதும் பயன்படுத்திப் பார்த்தாயிற்று. அமிட்ராஸ் கரைத்துக் குளிப்பாட்டுவது செலவு குறைவு. ஆனால் காய்கிற வரைக்கும் நக்கவிடக் கூடாது, ஒன்றை ஒன்று நக்கிக்கொள்ளும் வீட்டில் அது நடக்கிற காரியமில்லை. பவுடர் எங்களுக்குச் சரிப்படவில்லை. இப்போது மாத்திரைதான். நெக்ஸ்கார்ட் மாதம் ஒன்று, பிரவெக்டோ என்றால் 12 வாரம் தாங்கும். நாலு நாய்க்குச் சேர்த்து வாங்கும்போது விலை கையைக் கடிக்கும், பலன் இருக்கிறது. வலிப்பு வந்த நாய் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டே கொடுங்கள். இந்த வகை மாத்திரைகளால் சில நாய்களுக்கு வலிப்பு வரலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018-இல் எச்சரித்திருக்கிறது. உண்ணிக் காய்ச்சல் செவலைக்கு வந்தது. சோறு வேண்டாம் என்று படுத்தாள், ஈறு வெளுத்திருந்தது. முதலில் பார்த்த ஒரு கிளினிக்கில் ரத்தம் சோதிக்காமலே வெயில் சூடு என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். அப்புறம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய் ரத்தம் பார்த்து, வாரக்கணக்கில் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்துத் தேற்றினோம்.

படுக்கை விஷயத்தில் ஆன்லைனில் வாங்கிய நாய் மெத்தைக்கு என் மதிப்பெண் சைபர். ராணி ஒரே ராத்திரியில் பஞ்சைத் தோட்டம் முழுக்கப் பரப்பினாள். மிஞ்சிய மெத்தையின் தையலுக்குள் உண்ணி குடியேறியது. சென்னிமலைப் போர்வை பழசானதும் நாலாக மடித்துப் போடுகிறோம். வெந்நீரில் அலசலாம், மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும்.

சண்டை வந்தால் கையை நடுவில் விடக் கூடாது. சொந்த நாயிடம் கடி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் விலக்கிவிடப் போனவர்கள்தான். ஹோஸ் தண்ணீரை முகத்தில் அடிப்போம், இல்லையென்றால் பலகையைக் குறுக்கே செருகுவோம். கடி பட்டுவிட்டால், தடுப்பூசி போட்ட நாயாகவே இருந்தாலும், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான். வெறிநாய்க்கடித் தடுப்பூசி குட்டிக்கு மூன்று மாதத்தில் தொடங்கி வருஷா வருஷம். செப்டம்பர் 28 வெறிநோய் தினத்தை ஒட்டி முகாம் போடுவார்கள். நாலையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவது தனிக் கூத்து.

செவலைக்கும் ராணிக்கும் கருத்தடை அறுவை செய்துவிட்டோம். பருவம் வந்தால் ரெண்டு மூணு வாரத்துக்குக் கிளுவை வேலிக்கு வெளியே ஊர் ஆண் நாய்கள் எல்லாம் கூடும், மணியும் புரூனோவும் பரம எதிரி ஆகிவிடுவார்கள். அறுவைக்குப் பிறகு தோட்டத்தில் அமைதி. ரெண்டு பெண் நாய் இருக்கிற வீட்டுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

ராத்திரியில் நாலையும் கேட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறோம். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துப் போட்ட செய்தி அடிக்கடி வருகிறது. ஆட்டைப் பறிகொடுத்தவரின் கோபம் நியாயமானது, அந்த நேரத்தில் எந்த நாய் யாருடையது என்று யாரும் விசாரிக்கப் போவதில்லை. ராணியைக் கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) ஓடவிடுவதும் ஆடுகள் பட்டி திரும்பிய பிறகுதான். அவள் ஓடுவதைப் பார்க்க வேண்டும்! முதுகு வில்லாக வளைந்து நிமிர, நாலு காலும் தரையில் படாத ஒரு கணம் வந்து போகும்.

தீபாவளிக்குப் புரூனோ கட்டிலுக்கடியில் போய் நடுங்குவான். வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பறவைகளுக்காகப் பட்டாசு வெடிப்பதில்லை. அங்கே எங்கள் அத்தை வீடு இருக்கிறது. தீபாவளிக்கு முதல் நாளே அவனை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவோம். அத்தை முறுக்கு கொடுக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இத்தனை பாட்டுக்கும் என்ன கிடைத்தது என்றால், மணியின் பாம்புக் குரைப்பைச் சொல்வேன். ஆளுக்கு ஒரு குரல், பாம்புக்கு வேறு குரல். காலை ஊன்றி, தூரமாக நின்று, இடைவிடாமல் ஒரே சுருதியில் குரைப்பான். வந்த புதிதில் புரூனோ வாலை ஆட்டிக்கொண்டு நேராகப் பாம்பிடமே போகப் பார்ப்பான், மணி குறுக்கே வந்து தோளால் இடித்துத் தள்ளுவான். இப்போது புரூனோவும் தள்ளி நின்றே குரைக்கிறான். இதை நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஐந்தாவதாக ஒன்று? வேண்டாம். குடும்பத்தோடு வெளியூர் போவது இப்போதே கிடையாது, ஒருத்தர் கட்டாயம் வீட்டில் இருக்க வேண்டும். கல்யாணம், சீர் எல்லாவற்றுக்கும் எனக்கும் மனைவிக்கும் முறை வைத்திருக்கிறோம். போன மாதம் பெருந்துறைக் கல்யாணத்தில் "ஏனுங்க, வீட்டுக்காரரைக் காணோம்?" என்று யாரோ கேட்க, "தோட்டத்துல நாய்க்குக் காவல் இருக்காருங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.