ஓடாமல் கெட்ட வண்டி: ஒரு சின்னக் கார், எட்டு வருடாந்திரச் சோதனைகள்

ஆறு வயது ஆன வண்டியாகத்தான் இதை வாங்கினேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எஞ்சின், மூன்று சிலிண்டர், மேனுவல் கியர், முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம். அப்போது 71,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. இன்றைக்கு 1,22,000 சொச்சம். இதற்கிடையில் எட்டு முறை வருடாந்திரத் தகுதிச் சோதனைக்குப் போய் வந்துவிட்டது. ஐந்து முறை முதல் தடவையிலேயே பாஸ், மூன்று முறை ஃபெயில். சுமாரான மாணவன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் எட்டுத் தாள்களையும் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்தபோது, தப்பு வண்டியின் மேல் மட்டும் இல்லை என்று புரிந்தது.

முதல் மூன்று வருடம் வண்டிக்கு நல்ல வேலை இருந்தது. வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர். எடுத்தால் அரை மணி நேரத்துக்குக் குறையாத ஓட்டம். அப்புறம் என் வேலை வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அதன் பிறகு வருடத்துக்கு 3,000 ஓடினாலே பெரிது. கடைக்குப் போக, மருந்து வாங்க, மழை நாளில் பிள்ளையைக் கூட்டி வர, அவ்வளவுதான். ஓட்டமே இல்லையே, இனிமேல் சோதனையெல்லாம் சும்மா ஊதித் தள்ளிவிடும் என்று நினைத்தேன். நடந்தது நேர்மாறு.

முதல் சோதனை பாஸ். கூடவே இரண்டு குறிப்புகள்: முன் டயர் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் வரிகளின் உயரம்) 3 மி.மீ.தான் இருக்கிறது, இடது லோயர் ஆர்ம் புஷ்ஷில் (சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் கம்பியின் ரப்பர் மூட்டில்) லேசான விரிசல். இவற்றை ஃபெயிலாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், 'கவனித்துக்கொள்ளவும்' என்று எழுதிக் கொடுப்பார்கள். பலரும் பாஸ் என்ற வார்த்தையைப் பார்த்ததும் தாளை மடித்து டேஷ்போர்டுக்குள் போட்டுவிடுகிறார்கள். தாளில் உருப்படியான பகுதியே அந்தக் குறிப்புகள்தான். அடுத்த வருடம் எதில் மாட்டப் போகிறோம் என்பதைக் கிட்டத்தட்ட பெயர் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நான் டயரையும் புஷ்ஷையும் அந்த வருடமே மாற்றினேன். மாற்றிய பிறகுதான் மேடு பள்ளத்தில் வந்துகொண்டிருந்த டொக் டொக் சத்தம் நின்றது. அது சத்தம் என்றே அதுவரை எனக்கு உறைக்கவில்லை, காது பழகிப் போயிருந்தது.

அவ்வளவு செய்தும் இரண்டாவது சோதனையில் ஃபெயில். காரணத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பின் நம்பர் பிளேட்டுக்கு மேலே எரியும் சின்ன பல்பு எரியவில்லை, வைப்பர் ரப்பர் ஒரு ஓரத்தில் கிழிந்து தொங்கியது. இரண்டையும் மாற்றப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மறுசோதனைக்கு அரை நாள் போனது. இந்த ஃபெயிலை வண்டியின் கணக்கில் எழுத மனசாட்சி இடம் தரவில்லை, என் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

மூன்றாவது சோதனையில் ஒரு குறிப்புகூட இல்லாத சுத்தமான பாஸ். இரண்டே மாதத்தில் கிளட்ச் போய்விட்டது. 'இப்போதுதானே பாஸ் ஆனது!' என்று நான் அலுத்துக்கொண்டபோது மெக்கானிக் சிரித்தார். கிளட்சை அங்கே யாரும் பார்ப்பதில்லை. கியர்பாக்ஸ், ஏசி, டைமிங் பெல்ட் எதுவும் சோதனையில் வராது. பிரேக், ஸ்டீயரிங், டயர், விளக்கு, சீட் பெல்ட், அடிப்பாகத் துரு, புகை என்று வண்டியால் அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வருமா என்பதைத்தான் அங்கே பார்க்கிறார்கள். உங்கள் பர்ஸுக்கு ஆபத்து வருமா என்பது அவர்கள் பாடத்திட்டத்தில் இல்லை.

நான்காவது சும்மா பாஸ். இனி ஐந்தாவதுக்கு வருகிறேன்.

அப்போது வண்டி வீட்டு வாசலில் நின்ற நேரமே அதிகம். சோதனை நிலையத்தில் முன் சக்கரங்களை உருளைகளின் மேல் ஏற்றிச் சுழலவிட்டு பிரேக்கை மிதித்தார்கள். திரையில் இரண்டு முள்ளும் ஜோடியாக மேலே ஏறின. அடுத்து பின் சக்கரங்கள். வலது முள் ஏறியது. இடது முள் பாதி வழியில் நின்றுகொண்டு அசைய மறுத்தது. ஒரே அச்சில் இருக்கும் இரண்டு சக்கரங்களுக்கு இடையே பிரேக் விசை 30 சதவீதத்துக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது; என் வண்டியில் அது பாதிக்குப் பாதி. ஹேண்ட்பிரேக்கும் அதே கதை. வலது சக்கரம் மட்டும் பிடித்தது, இடது தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. ஓட்டும்போது எனக்கு எந்த வித்தியாசமும் தெரிந்ததில்லை. சின்ன வண்டி, எடை குறைவு. பிரேக் போட்டால் பாரம் முழுக்க முன்னால் சாய்ந்துவிடும், பெரும்பாலான வேலையை முன் டிஸ்க்குகளே செய்துவிடும். பின் பிரேக் வேலை செய்யவில்லை என்பதை அவசரமாக நிறுத்த வேண்டிய ஒரு மழை நாளில்தான் கண்டுபிடித்திருப்பேன்.

மெக்கானிக் டிரம்மைக் கழற்ற முடியாமல் சுத்தியலால் நான்கு புறமும் தட்டித்தான் எடுத்தார். உள்ளே, டிரம்மை அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூ தேயவே இல்லை. அதுதான் வேடிக்கை. ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ஒரு பக்கப் பிஸ்டன் துருவேறி இறுகிப்போய் இருந்தது. டிரம்மின் உள்விளிம்பில் துரு ஒரு வரப்பு மாதிரி கட்டியிருந்தது. ஹேண்ட்பிரேக் கேபிள் உறைக்குள் ஈரம் புகுந்து நகர மறுத்தது. பிரேக் ஆயிலையும் பார்த்தார். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். நான் மாற்றியதே இல்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, இது ஓடிக் கெட்ட வண்டி இல்லை, ஓடாம கெட்ட வண்டி" என்றார். கூடவே ஒரு வைத்தியமும் சொன்னார். வாரம் ஒரு முறை கொஞ்சம் தூரம் ஓட்டி, நான்கைந்து தடவை நன்றாக பிரேக் போட்டு, இறங்கியதும் பின் சக்கர ரிம்முக்குப் பக்கத்தில் கையைக் கொண்டு போய்ப் பார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சூடு இருந்தால் சரி. ஒன்று சில்லென்று இருந்தால் அந்தப் பக்கம் பிடிக்கவில்லை. ஒன்று மட்டும் கொதித்தால் பிடித்ததை விடவில்லை.

அவர் சொன்னதைச் சில மாதங்கள் ஒழுங்காகச் செய்தேன். ஆறாவது சோதனை பாஸ். அப்புறம் விட்டுவிட்டேன்.

ஏழாவதில் புகைச் சோதனையில் மாட்டிக்கொண்டது. கார்பன் மோனாக்சைடு அளவு நன்றாகத்தான் இருந்தது. லேம்டா என்று ஒரு எண் உண்டு. எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் எரிகிறதா என்பதைக் காட்டும். 0.97க்கும் 1.03க்கும் நடுவில் இருக்க வேண்டும். எனக்கு 1.06. ஒரு பட்டறையில் கேட்டதற்கு, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் போயிருக்கும், மாற்றிவிடலாம் என்றார்கள். வண்டியின் மதிப்பில் கணிசமான பங்கை அது ஒன்றே விழுங்கிவிடும். நல்லவேளை, சோதனை செய்தவர் தாளைக் கொடுக்கும்போதே "முதலில் சைலன்சரைப் பாருங்கள்" என்று சொல்லியிருந்தார். வண்டியைத் தூக்கிப் பார்த்தால், கடைசி சைலன்சர் டப்பாவின் தையல் ஓரத்தில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. வெளிக்காற்று அதன் வழியாக உள்ளே போய்ப் புகையோடு கலந்து, கருவியை ஏமாற்றிக்கொண்டிருந்தது. சைலன்சரை மட்டும் மாற்றினேன், லேம்டா 1.00. கன்வர்ட்டர் இன்னும் பழையதுதான்.

ஓட்டை விழுந்ததும் ஓடாததால்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. நீண்ட தூரம் ஓடினால் குழாய் முழுக்கச் சூடேறி அந்த ஈரம் வெளியே போய்விடும். என்னைப் போல மூன்று கிலோமீட்டர் போய் நிறுத்துகிறவனுக்கு அந்த நீர் சைலன்சருக்குள்ளேயே தேங்கி நின்று உள்ளிருந்து அரிக்கும். வெளியே பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும்.

ஆக, 12,000 கிலோமீட்டர் ஓடிய வருடங்களில் வந்த ஒரே ஃபெயில் ஒரு பல்பும் ஒரு ரப்பரும். 3,000 ஓடிய வருடங்களில் பிரேக்கும் சைலன்சரும். ஓடோமீட்டரில் எண் குறைவாக இருக்கிறது என்பதற்காகவே பழைய வண்டிக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது கொஞ்சம் பரிதாபமாக இருக்கிறது. வாங்கப் போகிறவர் பழைய சோதனைத் தாள்களைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் அன்றைய கிலோமீட்டர் இருந்தால் நல்லது. எண் ஒழுங்காக ஏறுகிறதா, எங்கேயாவது பின்னோக்கிப் போகிறதா என்று பார்க்கலாம். நான் அதைவிட முக்கியமாகப் பார்ப்பது ஒன்று: ஒரே குறிப்பு மூன்று வருடம் தொடர்ந்து வருகிறதா? வந்தால் வண்டிக்காரர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். ஃபெயில் ஆனதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஃபெயில் ஆகி, அதைச் சரிசெய்து, அடுத்த வருடம் அந்தப் பேச்சே இல்லாத வண்டி நல்ல கையில் இருந்த வண்டி.

சோதனைக்கு முந்தின வார இறுதியில் நான் செய்வது பெரிதாக ஒன்றுமில்லை. இருட்டியதும் வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி எல்லா விளக்கையும் போட்டுப் பார்ப்பேன். பிரேக் விளக்குக்கு மட்டும் பின்னால் யாராவது நின்று சொல்ல வேண்டும். டயர் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு இருக்கும், ரப்பர் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் 1.6 மி.மீ. என்று அர்த்தம், அதாவது மொட்டை டயர் கணக்குதான். உள்பக்க விளிம்பையும் ஸ்டீயரிங்கைத் திருப்பி வைத்துப் பார்ப்பேன், தேய்மானம் ஒளிந்துகொள்வது அங்கேதான். பாட்டரியைக் கழற்றி மாட்டும் வேலையை மட்டும் அந்த வாரத்தில் தொட மாட்டேன். கழற்றினால் எஞ்சின் கணினி தன் சுய பரிசோதனைகளை முதலிலிருந்து ஆரம்பிக்கும், அவை முடியச் சில நாள் ஓட்டம் வேண்டும், ஸ்கேனர் மாட்டிப் பார்க்கும் இடங்களில் வீண் சிக்கல். சோதனை அன்று அரை மணி நேரம் ஓட்டி எஞ்சினையும் கன்வர்ட்டரையும் நன்றாகச் சூடாக்கிவிட்டுத்தான் உள்ளே நுழைவேன். குளிர்ந்த கன்வர்ட்டர் வேலையே செய்யாது.

எட்டாவது சோதனை போன மாதம் முடிந்தது. பாஸ். ஒரே ஒரு குறிப்பு: வலது டிரைவ் ஷாஃப்ட் பூட்டில் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டைக் கிரீஸோடு மூடியிருக்கும் ரப்பர் உறையில்) மேலோட்டமான வெடிப்பு. கிரீஸ் இன்னும் வெளியே வரவில்லை. பூட் வாங்கி வைத்தாகிவிட்டது, அடுத்த சர்வீஸில் மாட்ட வேண்டும். நேற்று வேலை ஒன்றும் இல்லாமலே நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தேன். இறங்கியதும் இரண்டு பின் சக்கரத்துக்கும் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே சூடு.