ஐ.இ.பி.யா, 504 திட்டமா?

அமெரிக்க அரசுப் பள்ளியில் உடல் குறைபாடோ கற்றல் சிரமமோ உள்ள பிள்ளைக்கு உதவி கேட்டுப் போனால் இந்த இரண்டு பெயரும்தான் காதில் விழும். ஐ.இ.பி. (IEP) என்பது அந்தப் பிள்ளைக்கென்றே வகுக்கும் தனிக் கல்வித் திட்டம். 504 என்பது சட்டப் பிரிவின் எண்; அதன்படி வகுப்பில் சில வசதிகள் செய்துதரும் திட்டம்.

செலவு: இரண்டுக்குமே பெற்றோர் கைக்காசு போட வேண்டாம்.

கிடைப்பது: 504இல் பாடம் எல்லாருக்கும் போலத்தான். தேர்வில் கூடுதல் நேரம், முன்வரிசை இருக்கை, சர்க்கரை அளவு பார்க்க வகுப்பிலிருந்து எழுந்து போக அனுமதி, இப்படி. ஐ.இ.பி.யில் சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சி, அளந்து பார்க்கக்கூடிய இலக்குகள்.

பிடிமானம்: ஐ.இ.பி. எழுத்தில் இருந்தே ஆக வேண்டும். ஆண்டுக்கொரு முறையாவது கூடிப் பேச வேண்டும். 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த 504க்கு அந்தக் கண்டிப்பு இல்லை. எதற்கும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வாசிக்கவே தனியாகச் சொல்லித்தர வேண்டிய பிள்ளைக்கு ஐ.இ.பி. வேண்டும். பாடம் புரிகிறது, ஓரிடத்தில் உட்கார்வதுதான் பாடு என்றால் 504 போதும். ஆனால் பிள்ளைக்கு என்ன தேவை என்று மதிப்பீடே செய்யாமல் "504 போதுமே" என்று பள்ளி முந்திக்கொண்டால், சரி என்று தலையாட்டாமல் மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள்.