மலையேற எந்த போன்? எட்ஜ் 50, எக்ஸ்கவர்7, டூஜீ வி மேக்ஸ்

தண்ணீர் பட்டால் தாங்குமா என்று பார்த்தே போன் வாங்கிய காலம் போய்விட்டது. முப்பதாயிரம் ரூபாய்க்குள்ளேயே ஐபி68 (தூசி புகாது, நீரில் மூழ்கினாலும் தாங்கும் என்பதற்கான தரக்குறியீடு) போன்கள் நிறைய வந்துவிட்டன. மேற்குத் தொடர்ச்சி மலையில் இரண்டு மூன்று நாள் நடப்பவர் யோசிக்க வேண்டியது வேறு: இரண்டாம் நாள் மாலை, கொட்டும் மழையில், சார்ஜுக்கு என்ன வழி?

மோட்டோரோலா எட்ஜ் 50, சாம்சங் கேலக்ஸி எக்ஸ்கவர்7 இரண்டும் 2024-ல் இந்தியாவில் 27 ஆயிரத்துச் சொச்சத்துக்கு அறிமுகமானவை. முன்னது 180 கிராம், பேட்டரிக் கொள்ளளவு 5000 எம்ஏஎச். பின்னது 240 கிராம், 4050 எம்ஏஎச், ஆனால் பேட்டரியைக் கழற்றி மாற்றலாம். டூஜீ வி மேக்ஸ் வேறு ரகம்: 22,000 எம்ஏஎச், அரைக் கிலோவுக்கு மேல் எடை.

எட்ஜ் 50-உடன் 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்றைச் சேர்த்தால் மொத்தம் சுமார் 400 கிராம். பவர் பேங்கில் எழுதியிருக்கும் பத்தாயிரமும் போனுக்கு வந்து சேராது. மின்னழுத்தத்தை மாற்றும்போது வெப்பமாகப் போவது போக, ஆறாயிரம் வந்தால் நல்லது. சிக்கல் அளவில் இல்லை. போன் ஐபி68, பவர் பேங்க் அப்படியில்லை. மழையில் சார்ஜ் துளை நனைந்தால் போன் ஈர எச்சரிக்கை காட்டிச் சார்ஜ் ஏற மறுக்கும். துளையைக் கீழ்நோக்கிப் பிடித்து மெல்லத் தட்டி, காற்றில் உலர விட வேண்டும். அரிசிக்குள் புதைத்தால் மாவுத்தூள் துளைக்குள் போய் அடைக்கும், அவ்வளவுதான் பலன். பவர் பேங்கையும் கேபிளையும் ஜிப் கவரில் தனியாக வைத்து, கூடாரத்துக்குள் மட்டுமே வெளியே எடுங்கள். இன்னொரு குறை வளைந்த திரை: விளிம்பு கண்ணாடியாகவே இருப்பதால் கவர் அதை முழுதாகக் காக்காது, டெம்பர்ட் கிளாஸும் ஓரத்தில் சரியாக ஒட்டாது.

எக்ஸ்கவர்7-ல் கேபிள் தொல்லை இல்லை. போனை அணைத்து, பின்மூடியைக் கழற்றி, உபரி பேட்டரியைப் போட்டால் உடனே முழு சார்ஜ். ஆனால் நீர் புகாமல் காப்பது அந்த மூடியின் உட்புற ரப்பர் விளிம்புதான். அதில் ஒரு மணல் துகளோ தலைமுடியோ சிக்கினாலும் ஐபி68 அங்கேயே முடிந்தது. பேட்டரி மாற்றும்போது உலர்ந்த துணியால் விளிம்பைத் துடைத்து, மூலைகளில் தொடங்கிச் சுற்றிலும் அழுத்தி, எங்கும் தூக்கிக்கொண்டிருக்கவில்லை என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மழை நடுவே மாற்றவே கூடாது. உபரி பேட்டரியைப் போனுக்குள் வைத்துத்தான் சார்ஜ் ஏற்ற முடியும். தனியாக ஏற்ற டாக் எனப்படும் சார்ஜர் தட்டு வாங்க வேண்டும். பக்கவாட்டில் உள்ள தனிப் பொத்தானை டார்ச்சுக்கு ஒதுக்கலாம். ஈரத் திரை விரலுக்கு அடங்காத நேரத்தில் இதன் அருமை தெரியும்.

டூஜீயில் சார்ஜ் கவலையே இல்லை என்பார்கள். பாதி உண்மை. 22,000 எம்ஏஎச் என்பது ஏறத்தாழ 85 வாட்-மணி. அதன் 33 வாட் சார்ஜரிலேயே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். தங்கும் இடத்தில் கிடைக்கும் பழைய 10 வாட் சார்ஜரில் இரவு முழுக்கப் போட்டாலும் நிறையாது. கால்சட்டைப் பையில் இந்தச் செங்கல்லை வைத்துக்கொண்டு படியேறவும் முடியாது. ஜீப்பில் போய் ஒரே இடத்தில் முகாம் போடுபவருக்குச் சரி.

மூன்றின் விளம்பரத்திலும் மில்-எஸ்டிடி-810எச் உண்டு. அமெரிக்க ராணுவத்தின் இந்தச் சோதனை முறைகளில் எதைச் செய்வது என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். விழும் சோதனையின் வழக்கமான வடிவம்: 1.22 மீட்டர் உயரம், 26 முறை, கான்கிரீட் மேல் விரித்த பிளைவுட் பலகை. அந்த 26 விழுதல்களை ஐந்து போன்கள் வரை பங்கிட்டுக்கொள்ளவும் அனுமதி உண்டு. கூர்மையான பாறையில் திரை மோதுவது இந்தக் கணக்கில் வராது. ஐபி68 சோதனையும் நல்ல தண்ணீரில் நடப்பதுதான். கடலில் நனைந்தால் நல்ல தண்ணீரில் அலசுங்கள். வெயிலில் சூடான போனை அருவியில் முக்காதீர்கள்: உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி நீரை உள்ளே இழுக்கும்.

என் தேர்வு: ஓரிரு நாள் நடைக்கு எட்ஜ் 50. கையுறையுடன் வேலை செய்பவர்களுக்கும், வாரக்கணக்கில் காட்டில் சுற்றுபவர்களுக்கும் எக்ஸ்கவர்7. எதுவானாலும் சிக்னல் இல்லாத இடத்தில் விமான முறையில் போடுங்கள். கோபுரத்தைத் தேடித் தேடியே பேட்டரி தீரும். விமான முறையிலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், ஆஸ்மேண்ட் போன்ற செயலியில் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தால் போதும்.

டூஜீ போன்றவை இங்கே பெரும்பாலும் இறக்குமதியாகவே கிடைப்பதால், பணம் கட்டும் முன் இரண்டு விஷயம். ஜியோவில் 2ஜி கிடையாது, வோல்ட்இ (4ஜி வழியாகப் பேசும் வசதி) வேலை செய்யாவிட்டால் சாதாரண அழைப்பே போகாது. உங்கள் சிம்மைப் போட்டு ஒருமுறை பேசிப் பாருங்கள். பிஎஸ்என்எல் 4ஜிக்கு 700 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 28, போன் ஏற்கும் அலைவரிசைகளின் பட்டியலில் இருக்க வேண்டும். செயற்கைக்கோள் செய்தி அனுப்பும் கருவியைக் கூடவே வாங்க நினைத்தால், அரசு அனுமதி இல்லாமல் அதை இந்தியாவுக்குள் வைத்திருப்பதே சட்டவிரோதம். விமான நிலையத்தில் பிடிபட்டு வழக்கைச் சந்தித்த வெளிநாட்டுப் பயணிகள் உண்டு.