புது வீட்டுக் குறைகள்: கட்டியவரையே அழைப்பதா, வேறு ஆளை வைப்பதா?

குடியேறிய சில மாதங்களிலேயே சுவரில் விரிசலும் குளியலறையில் கசிவும் தென்பட்டால், கட்டிக் கொடுத்தவரையே அழைப்பதா, வேறு கொத்தனாரை வைப்பதா என்ற குழப்பம் எழுவது இயல்பே.

செலவு: ஒப்பந்தத்தில் குறித்த காலம் முடியும்வரை கட்டியவர் இலவசமாகச் செய்துதர வேண்டும், வெளியாளுக்குக் கூலியும் பொருளும் நம் கைக்காசு.

வேகம்: கட்டியவர் பெரும்பாலும் இழுத்தடிப்பார், வெளியாள் விரைவில் முடிப்பார்.

பொறுப்பு: என் பார்வையில் இதுவே தலையாயது. தரை டைல்ஸை நாணயத்தால் தட்டும்போது வெற்றொலி கேட்டால், அடியில் கலவை முழுமையாகப் பிடிக்கவில்லை என்று பொருள். அதை வெளியாள் பெயர்த்துவிட்டால், பிற்பாடு கசிவு வரும்போது, நீங்கள் கை வைத்ததால்தான் வந்தது என்று கட்டியவர் ஒதுங்கிக்கொள்ள இடமாகிவிடும். ஆகவே எதையும் தொடுவதற்கு முன் தேதியுடன் படம் எடுத்து, எழுத்து மூலம் அவருக்குத் தெரிவித்துவிடுங்கள்.

பூச்சு உலர்ந்து சுருங்குவதால் வரும் மயிரிழை விரிசல், பெயின்ட் திட்டு போன்றவற்றுக்கு வெளியாளே போதும். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு செய்வது நல்லது. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி நாளுக்கு நாள் அகலும் விரிசலையும் நீர்க்கசிவையும், கட்டியவரோடு தொடர்பில்லாத பொறியாளர் ஒருவரின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டியவரைக் கொண்டே சரிசெய்ய வைக்க வேண்டும்.