டியர்டிராப்பிலிருந்து பெரிய கேம்பருக்கு: குமரி மாவட்டத்து மழையிலும் சாலையிலும் ஓர் ஒப்பீடு

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறும் குமரி மாவட்டத்தில், ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போய் உள்ளே படுத்துறங்கும் சிறிய டியர்டிராப் (கண்ணீர்த்துளி வடிவ) டிரெய்லரை விற்றுவிட்டு, உள்ளே நிமிர்ந்து நிற்கக்கூடிய பெரிய கேம்பர் டிரெய்லருக்கு மாறலாமா என்று கேட்பவர்களுக்கு என் விடை இதுதான்: மழை நாளிலும் குடும்பத்தோடு வெளியில் தங்க விரும்புபவர்கள் தயங்காமல் மாறலாம், மலையடிவாரத்து உட்சாலைகளையே நாடிப் போகிறவர்கள் மாற வேண்டாம். நாகர்கோவிலில் வசிக்கும் நாங்கள் இரண்டு வண்டிகளையும் ஒரே ஸ்கார்பியோ ஜீப்பில் கட்டி இழுத்து, ஒரே இடங்களுக்குக் கொண்டுபோயிருப்பதால், இரண்டையும் அருகருகே வைத்துப் பேச முடிகிறது.

டியர்டிராப் என்பது 1930-களில் அமெரிக்காவில் பரவிய வடிவம். முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து இறங்கும் கூட்டுக்குள் படுக்கை மட்டும் இருக்கும். பின்கதவை மேலே தூக்கினால் அடுப்பும் பாத்திரத் தட்டுகளும் தெரியும். எங்களிடம் இருந்த வண்டியின் உட்புறம் எட்டடி நீளமும் ஐந்தடி அகலமும் கொண்டது. உட்காரலாம், படுக்கலாம், நிற்க முடியாது. சாமான்களோடு சேர்த்து ஏறக்குறைய 450 கிலோ எடையுள்ள அந்த வண்டியை ஜீப்பிலிருந்து கழற்றி, நானும் என் மனைவியும் கையால் தள்ளியே தென்னை நிழலுக்குள் திருப்பி நிறுத்திவிடுவோம். சொத்தவிளைக் கடற்கரைப் பக்கம் மாலையில் பின்கதவைத் தூக்கி, மரச்சீனிக் கிழங்கை வேகவைத்து, மீன்குழம்பை அடுப்பிலேற்றினால், காற்று வாசனையைக் கொண்டுபோய்விடும். படுக்கையில் எதுவும் ஒட்டாது. மழை பெய்யாத மாலைகளுக்கு அதைவிடச் சிறந்த சமையலறையை நான் பார்த்ததில்லை.

மழை வந்தால் நிலைமை வேறு. தூக்கிய பின்கதவு சமைப்பவரின் தலையை மட்டும் காக்கும்; சாரலில் முதுகு நனையும், அடுப்பும் அணையும். கதவுகளை மூடிக்கொண்டு இருவர் உறங்கினால், நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே நிறைந்திருக்கும் ஈரத்தோடு மூச்சின் ஈரமும் சேர்ந்து, விடியும்போது சுவரிலிருந்து நீர் வழியும். மெத்தையின் அடிப்பக்கத்தில் பூஞ்சை படியும். இவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முழங்கால் வலியுள்ள அம்மாவால் குனிந்து தவழ்ந்து உள்ளே போகவே முடியவில்லை என்பதும், மகள் வளர்ந்ததும் மூன்றாவது ஆளுக்கு இடமில்லாமல் போனதும்தான் எங்களைப் பெரிய வண்டியை நோக்கித் திருப்பின.

புதிய வண்டியைக் கரூரில் கட்டினோம். பேருந்துகளுக்குப் பாடி கட்டுவதில் பெயர்பெற்ற அந்த ஊரில், வேண்டிய அளவைச் சொல்லி, வேலை நடக்கும்போதே நேரில் நின்று பார்க்க முடிந்தது எனக்குப் பெரிய நிறைவைத் தந்தது. கூடு பதினான்கடி நீளம், ஆறரை அடி அகலம். உள்ளே ஆறேகால் அடி உயரம். துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டத்தின்மேல், இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே நுரைப்பலகை வைத்து ஒட்டிய சுவர்கள். ஒற்றை அச்சு, ஜீப் வேகத்தைக் குறைக்கும்போது டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும் அழுத்தத்தாலேயே பிடிக்கும் பிரேக். தண்ணீரும் சாமானும் ஏற்றினால் 1,250 கிலோவைத் தொடுகிறது. பழைய வண்டியைவிட மூன்று மடங்குக்கும் மேல் விலை ஆனது.

அந்த விலைக்கு என்ன கிடைத்தது என்பதைத் திற்பரப்புக்கு அப்பால், உறவினர் ஒருவரின் ரப்பர் தோட்டத்தில், ஆனி மாத மழையில் தங்கியபோது முழுமையாக உணர்ந்தோம். பால்வெட்டுக்கு யாரும் வர முடியாத அளவுக்கு விடாமல் பெய்த மழையில், அம்மா மேசையருகே அமர்ந்து பயறு கழுவ, மகள் மேல்தட்டுப் படுக்கையில் படித்துக்கொண்டிருக்க, என் மனைவி நின்றபடியே கஞ்சி வைத்தாள். நான்கு பேர் ஒருவரையொருவர் இடிக்காமல் ஒரு முழு நாளைக் கழிக்க முடிந்தது. சட்டை மாற்ற, ஈரத்துணியைத் தொங்கவிட, இரவில் மற்றவரை எழுப்பாமல் இறங்கிப் போக என்று, வீட்டில் நாம் கவனிக்காமலேயே செய்யும் காரியங்கள் அனைத்தும் நிற்கும் உயரம் இருந்தால்தான் நடக்கின்றன. பெரிய கேம்பரின் விளம்பரங்கள் குளிர்சாதனத்தையும் தொலைக்காட்சியையும் முன்னிறுத்துகின்றன. எங்களுக்குப் பயன்பட்டவை தலைக்கு மேலிருந்த அந்த உயரமும், கூரையில் பொருத்திய காற்றுப்போக்கி விசிறியும்தான். விசிறியை மெதுவாக ஓடவிட்டு, எதிர்ப்பக்கத்துச் சன்னலை விரலளவு திறந்துவைத்தால் சுவர் வியர்ப்பதில்லை.

குளிர்சாதனத்தைப் பற்றி மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். எங்கள் லித்தியம் பேட்டரி 12 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் கொள்ளளவு உடையது. அதாவது ஏறக்குறைய இரண்டரை யூனிட் மின்சாரம். ஒரு டன் ஏசி முழுவேகத்தில் ஓடினால் அது இரண்டு மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். விளக்கு, விசிறி, கைப்பேசி, சிறிய குளிர்பதனப் பெட்டி என்று நிறுத்திக்கொண்டால் அடுத்த நாள்வரை தாராளமாக வருகிறது. கூரையில் உள்ள சோலார் தகடுகள் கடற்கரையில் நன்றாக வேலை செய்கின்றன. ரப்பர் மரங்களின் நிழலிலும் மழை மேகத்தின் கீழும் அவற்றால் கிடைப்பது மிகக் குறைவு. அதனால் ஏசி பொருத்த வேண்டாம் என்று பணிமனையில் சொல்லிவிட்டு, அந்தப் பணத்தைப் பேட்டரியில் போட்டோம். நம் மாவட்டத்து மழைக்காலத்துக்கு அது போதும் என்பதே இன்றும் என் எண்ணம்.

இழப்புகள் சாலையில் தொடங்குகின்றன. குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறைக்குப் போகும் பேருந்துச் சாலையில் சிக்கல் இல்லை. அங்கிருந்து பிரியும் தோட்டத்துச் சாலைகளில், இரு பக்கமும் கையாலைச் சுவர் எழும்பி நிற்க, எதிரே ரப்பர் பால் ஏற்றிய மினி லாரி வந்தால், ஒருவர் பின்னால் போயே ஆக வேண்டும். ஜீப்பைவிட ஒடுக்கமாக இருந்த டியர்டிராப் ஜீப் நுழைந்த எந்த வழியிலும் நுழைந்துவிடும். பெரிய வண்டிக்கு அகலம், உயரம் இரண்டும் தடை. தாழ்ந்த பலாக்கிளைகளையும் குறுக்கே தொங்கும் கேபிள் ஒயர்களையும் முன்கூட்டியே இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் போகிறோம். முன்பு தங்கிய சில இடங்களை இதனால் கைவிட்டுவிட்டோம், அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஒன்றை மட்டும் இங்கே நியாயமாகச் சொல்ல வேண்டும்: பின்னோக்கி ஓட்டுவதற்குப் பெரிய வண்டியே எளிது. குட்டை டிரெய்லர் ஸ்டியரிங்கின் சிறு அசைவுக்கும் சட்டென்று மடங்கிவிடும். நீண்டது மெதுவாகத் திரும்புவதால் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கிறது.

காற்றைப் பற்றி இன்னும் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து வடக்கே போகும்போது ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து முப்பந்தலின் காற்றாலைகளுக்கு நடுவே செல்லும் பாதையில், ஆடிக் காற்று எத்தனை கடுமையானது என்பதை அந்த வழியில் இருசக்கர வாகனம் ஓட்டியவர்களும் அறிவார்கள். டியர்டிராப் ஜீப்பின் முதுகுக்குப் பின்னால் தாழ்ந்து ஒளிந்துகொண்டு வந்தது. புதிய வண்டியோ ஜீப்பின் கூரைக்கு மேலே எழும்பி, பக்கச்சுவர் முழுவதும் காற்றை வாங்குகிறது. வால் இடமும் வலமும் ஆடத் தொடங்காமல் இருக்க, மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இணைப்புக் கொக்கியின்மேல் இறங்க வேண்டும். எடை பின்பக்கம் போகப் போக ஆட்டம் அதிகமாகும். பணிமனை முதலில் காட்டிய வரைபடத்தில் தண்ணீர்த் தொட்டியும் பேட்டரியும் வண்டியின் கடைக்கோடியில் இருந்தன. 80 லிட்டர் தண்ணீர் என்றால் 80 கிலோ. தொட்டியை அச்சுக்கு நேர்மேலும் பேட்டரியை அச்சுக்கு முன்பும் மாற்றச் சொன்னோம். அவர்களும் மறுக்காமல் மாற்றித் தந்தார்கள். அப்படியிருந்தும் காற்றுக் காலத்தில் அந்தப் பாதையில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் நான் போவதில்லை.

முதல் மழைக்காலத்திலேயே கூரைத் திறப்பின் ஓரத்தில் நீர் கசிந்தது. விசிறிச் சட்டத்தைச் சுற்றி, கூரைத் தகட்டின் அசைவைத் தாங்காத சாதாரணப் பசையைப் பூசியிருந்தார்கள். வண்டியை மீண்டும் கரூருக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. கட்டணமின்றிச் சரிசெய்தார்கள் என்றாலும், பலகைச் சுவர்களுக்கு இடையே நீர் புகுந்தால் வெளியே தெரிவதற்குள் நுரைப்பலகை ஒட்டு விட்டுப்போகும் என்பதால், புதிய வண்டி எடுப்பவர்கள் குழாயால் கூரையில் நீர் பாய்ச்சிச் சோதித்த பிறகே பணத்தை முடிக்க வேண்டும். உப்புக்காற்றும் அதே அளவு கவனம் கேட்கிறது. முட்டத்திலோ மணக்குடியிலோ தங்கித் திரும்பினால் சட்டத்தையும் சக்கரங்களையும் நல்ல தண்ணீரில் கழுவியே நிறுத்துகிறோம். அலுமினியத்தில் எவர்சில்வர் திருகாணி தொடும் இடங்களில், உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும் என்பதால், ரப்பர் வாஷர் போடச் சொன்னோம்.

உள்ளே சமைப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். எனவே சிலிண்டர் அறையின் அடித்தளத்தில் வெளியே திறக்கும் துளை இருக்க வேண்டும், அது எங்கள் வண்டியில் சரியாக அமைந்திருக்கிறது. மீன் வறுப்பதை மட்டும் வெளியே பந்தலின் கீழ் வைத்துக்கொண்டோம்; உள்ளே வறுத்தால் வாசனை மெத்தையுறையில் தங்கிவிடுகிறது. வண்டியில் கழிவு சேரும் கழிப்பறைப் பெட்டியை வீட்டுக் கழிப்பறையிலேயே கொட்டிக் கழுவுகிறோம். இரண்டு இரவுகளுக்கு மேல் தங்கும்போது நான்கு பேருக்கு அது போதாது.

வாங்க முடிவு செய்பவர்கள் முன்பணம் தருவதற்கு முன் தங்கள் வீட்டு வாசலின் அகலத்தையும், வழக்கமாகப் போகும் சாலையின் மிகக் குறுகிய இடத்தையும் அளந்துகொள்ளட்டும். பணிமனை காகிதத்தில் எழுதித் தரும் எடையை ஏற்காமல், தண்ணீரும் சிலிண்டரும் ஏற்றிய வண்டியை எடைமேடையில் நிறுத்தி, மொத்த எடைக்கும் கொக்கியில் இறங்கும் எடைக்கும் தனித்தனிச் சீட்டு வாங்கிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுக்கட்டும்.