வானொலியா, வார இதழா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பணிபுரியும் மருத்துவச்சிக்கு, இந்திய வம்சாவளியினரான நம் மக்களைச் சென்றடைய இரண்டு வழிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன: 1983இல் தொடங்கிய லோட்டஸ் எஃப்எம் வானொலி, வாரந்தோறும் வரும் போஸ்ட் இதழ். முதலில் வானொலி என்பதே என் கட்சி.

நேரலையில் உங்கள் பேச்சை யாரும் கத்தரிக்க முடியாது. சமையலறையில் இருக்கும் மாமியார் காதிலும் அது விழும். கர்ப்பிணி மருமகள் எப்போது கிளினிக்குக்குப் போவது என்பதில் அவர் சொல்லுக்குத்தான் எடை அதிகம். "கடும் தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் என்றால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். தொல்லை, தொலைபேசியில் வரும் நேயர்தான். "என் மகளுக்கு இரத்த அழுத்தம் இவ்வளவு, பரவாயில்லையா?" என்பார். காற்றலையில் நோய் கணிக்கக் கூடாது. இன்றே காட்டச் சொல்லிவிட்டுப் பொது அறிகுறிகளுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அச்சில் அந்தச் சங்கடம் இல்லை. கர்ப்பகாலத்தின் 8 பரிசோதனைகளுக்கான அட்டவணையை வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் தலைப்பு வைப்பவர் பெரும்பாலும் நிருபர் அல்லர், துணை ஆசிரியர். பீதியூட்டும் தலைப்பு வந்தால் வியப்பதற்கில்லை. எண்களை எழுதியே கொடுத்துவிடுங்கள். தாயின் எழுத்துபூர்வ ஒப்புதலின்றிக் குழந்தையின் படம் வேண்டவே வேண்டாம்.

அரசுப் பணியில் இருப்பவர்கள் இரண்டுக்கும் முன்அனுமதி பெற வேண்டும். மே 5, சர்வதேச மருத்துவச்சிகள் தினத்தில் பேச நினைப்பவர்கள் மார்ச்சிலேயே விண்ணப்பிப்பது நல்லது.