சும்மா விடக் காசா, வேலை செய்யக் காசா? விட்மன் கவுண்டி விவசாயிக்கு மூன்று மானியங்கள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள விட்மன் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) கோதுமைக்குப் பேர்போனது. காற்று குவித்த மென்மண் மேடுகள், செங்குத்துச் சரிவுகள். மழைத் தண்ணீர் மேல்மண்ணை வாரிக்கொண்டு போய்விடும். அந்த மண்ணைக் காக்க மத்திய அரசு தரும் பணம் முக்கியமாக மூன்று திட்டங்கள் வழியே வருகிறது: நிலத்தைப் பயிரில்லாமல் விட்டுவைக்க சிஆர்பி, மண்ணைக் காக்கச் செய்யும் வேலைக்கு ஈக்விப், ஏற்கெனவே நன்றாகக் காப்பவர்களுக்கு சிஎஸ்பி. சதவீதத்தை மட்டும் வைத்து இவற்றை ஒப்பிடுவது வீண். பணம் எப்போது கைக்கு வரும், நிலம் எத்தனை வருஷம் மாட்டிக்கொள்ளும் என்றுதான் பார்க்க வேண்டும்.

1985 சட்டத்தில் பிறந்தது சிஆர்பி. பயிர் வைக்காமல் புல்லோ மரமோ வளர்த்து 10 முதல் 15 வருஷம் விட்டுவைத்தால் ஆண்டு வாடகை உண்டு. 2018 வேளாண் சட்டப்படி, போட்டியில் தேர்ந்தெடுக்கும் பொதுச் சேர்க்கைக்குக் கவுண்டிக் குத்தகை மதிப்பில் 85 சதவீதம் வரை. ஓடைக்கரை போன்ற இடங்களுக்கான தொடர் சேர்க்கைக்கு 90 வரை. மதிப்பு ஏக்கருக்கு 80 டாலர் என்று வைத்துக்கொண்டால், 68 அல்லது 72. ஊரில் குத்தகை ஏறினாலும் ஒப்பந்த வாடகை ஏறாது. புல் விதைக்கும் செலவில் பாதிவரை தனியே கிடைக்கும்.

சும்மா கிடக்கிற நிலத்துக்குப் பணம் என்று நம்பியவர்கள் இடறுவது இங்கேதான். பெரும்பாலான புல் விதையைக் கால், அரை அங்குலத்துக்கு மேல் ஆழத்தில் போடக் கூடாது. கோதுமைக்கு வைத்த ஆழத்திலேயே விதைப்புக் கருவியை ஓட்டினால் முளைப்பு சொதப்பும். மழை குறைந்த மேற்குப் பகுதியில் புல் நன்றாக வேர்பிடிக்க இரண்டு மூன்று வருஷமாகும். அதற்குள் சீட்கிராஸ் களை முந்திக்கொள்ளும். களையை ஒழிப்பது விவசாயியின் பொறுப்பு, ஆனால் பறவைகள் கூடு கட்டும் பருவத்தில் அனுமதியில்லாமல் அறுக்கக் கூடாது. கோதுமை விலை ஏறியது என்று நடுவில் கழன்றுகொண்டால், வாங்கியதை வட்டியும் அபராதமும் சேர்த்துக் கக்க வேண்டும்.

ஈக்விப் வேறு ரகம். நிலத்தில் விவசாயம் நடந்துகொண்டே இருக்கும். மூடுபயிர் (மண்ணை மூடிக் காக்க வளர்க்கும் பயிர்), வேலி, புல் வாய்க்கால் (மண் அரிக்காமல் தண்ணீர் வடியப் புல் வளர்த்த வாய்க்கால்) என்று செய்த வேலைக்குப் பணம். பொதுவாகச் செலவில் 75 சதவீதம் வரை, விவசாயத்துக்கு வந்து பத்து வருஷம் தாண்டாதவருக்கு 90 வரை. கேட்கக் கவர்ச்சிதான். ஆனால் அது உங்கள் பில்லில் 75 அல்ல. அரசு முன்கூட்டியே போட்ட அலகு விலைப்படி வரும் தொகை. அதற்கு மேல் ஆனது உங்கள் தலையில். அதுவும் வேலை முடிந்து, அதிகாரிகள் அளந்து, சான்று கொடுத்த பிறகுதான். புதியவர்கள் பாதியை முன்பணமாகக் கேட்கலாம், 90 நாளில் செலவழித்தாக வேண்டும்.

ஈக்விப் ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன்பே வேலையைத் தொடங்கினால், விலக்கு வாங்காதவரை அந்த வேலைக்குக் காசு கிடையாது. மூடுபயிரில் விதைக் கலவையோ விதைத்த தேதியோ திட்டத்துக்கு மாறினாலும் சான்று தடைப்படும். விதை மூட்டையின் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள்.

சிஎஸ்பி ஏற்கெனவே நன்றாகச் செய்கிறவர்களுக்கு. ஐந்து வருஷ ஒப்பந்தம். பண்ணை முழுவதையும் காட்ட வேண்டும், புதிதாக ஏதாவது சேர்த்துச் செய்யவும் வேண்டும். 2024 முதல் ஆண்டுக்குக் குறைந்தது 4,000 டாலர் என்பதால் சிறு பண்ணைகளுக்கும் கட்டுப்படியாகிறது.

பண்ணை முழுவதையும் ஒன்றில் தள்ளுவது நல்ல யோசனையல்ல. விளைச்சல் வராத செங்குத்துச் சரிவையும் ஓடைக்கரையையும் சிஆர்பியில் விடலாம். நல்ல வயலுக்கு ஈக்விப். குத்தகை நிலமென்றால் ஒப்பந்தக் காலம் முழுக்க நிலம் உங்கள் கையில் இருக்கும் என்று காட்ட வேண்டும், அதனால் நில உரிமையாளரிடம் முதலில் எழுதி வாங்குங்கள். பிறகு வேளாண் துறை தரும் பண்ணை எண், அரிக்கும் மண்ணையும் ஈரநிலத்தையும் காப்பேன் என்ற உறுதிமொழிக்கான ஏடி-1026 படிவம், வருமான வரம்புக்கான சிசிசி-941 படிவம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் விண்ணப்பம் தரவரிசைக்கே போகாது.